துள்ளிப் போய் அணையை உடைத்த குண்டு

1943 மார்ச்சில் இங்கிலாந்தின் ஸ்கேம்ப்டன் விமானத்தளத்தில் பிரிட்டிஷ் விமானப்படை புதிய குண்டுவீச்சுப் படைப்பிரிவு ஒன்றைத் தொடங்கியது. எண் 617. அதன் தலைவர் கை கிப்சனுக்கு வயது 24. எதைத் தாக்கப்போகிறோம் என்று வீரர்களிடம் சொல்லவில்லை. இரவில் தாழப் பறந்து பழகச் சொன்னார்கள், அவ்வளவுதான். வழக்கமாகப் படைக்குத்தான் ஆயுதம் தேடுவார்கள். இங்கே ஒரு ஆயுதத்துக்காகப் படையைத் திரட்டினார்கள்.

இலக்கு, ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியை ஒட்டிய அணைகள். அவற்றில் முக்கியமானது மோனே: 40 மீட்டர் உயரம், 650 மீட்டர் நீளம், முழுக்கக் கல்கட்டு. அவ்வளவு பருத்த சுவரை மேலிருந்து போடும் சாதாரணக் குண்டு அசைக்காது. டார்ப்பிடோ விட்டால் நீருக்குள் வலை தடுக்கும்.

விக்கர்ஸ் நிறுவனப் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் வேறு வழி பார்த்தார். வெடியைச் சுவரோடு ஒட்டி, நீருக்கடியில் வெடிக்க வைக்கவேண்டும். காற்றில் வெடித்தால் ஆற்றல் நாலாபக்கமும் சிதறிவிடும். தண்ணீர் எளிதில் அமுங்காது. சுற்றிலும் அது இறுக்கிப் பிடிப்பதால் அடி சுவர்மேல் இறங்கும். அதிர்வலை சுவருக்குள் புகுந்து, மறுபக்கத்துக் காற்றை எட்டியதும் இழுவிசையாகத் திரும்பி வரும். கல்லும் காரையும் அமுக்கத்தைத் தாங்கும். இழுவைக்கு விரிசல் விடும். ஆனால் சில மீட்டர் தள்ளி வெடித்தாலும் காரியம் கெட்டது.

வலையைத் தாண்டி, 4 டன்னுக்கு மேல் எடையுள்ள குண்டைச் சுவரோடு ஒட்டவைப்பது எப்படி? குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்வாக வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அதுதான் வழி. சாய்வு கூடினால் முழுகிவிடும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 18 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் நீரைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் நொடிக்கு 19 மீட்டர். விமானம் தந்த முன்வேகமோ நொடிக்கு 100 மீட்டருக்கு மேல். அப்படியென்றால் சாய்வு ஏறக்குறைய 10 டிகிரி. முதலில் திட்டமிட்ட 45 மீட்டரிலிருந்து போட்டால் 16 டிகிரி. சோதனையில் குண்டின் வெளிக்கூடு நீர்மோதலில் நொறுங்கியதால்தான் உயரத்தை 18 மீட்டருக்குக் குறைத்தார்கள்.

பீப்பாய் வடிவக் குண்டை விழும் முன்பே நிமிடத்துக்கு 500 முறை பின்னோக்கிச் சுழலவிட்டார்கள். எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் ஒரே சுழற்சி பல வேலை செய்கிறது. பம்பரம் போலச் சாயாமல் காக்கிறது. காற்றில் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறது. சுவரில் மோதிய குண்டு பின்வாங்காமல், சுவரைத் தழுவியபடியே கீழே இறங்கவும் அதுவே காரணம். 9 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தமே திரியைத் தூண்டிவிடும்.

இதற்காக லங்காஸ்டர் விமானத்தின் வயிற்றுக் கதவுகளைக் கழற்றி, குண்டை இரு பக்கமும் கவ்வும் கைகளைப் பொருத்தினார்கள். சுழற்ற ஒரு மோட்டாரும் பெல்ட்டும். இருட்டில் 18 மீட்டரை உயரமானியை நம்பி அளக்க முடியாது. விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகளைச் சாய்த்து வைத்தார்கள். இரு ஒளிவட்டங்களும் நீரில் ஒன்றையொன்று தொட்டால் உயரம் சரி. தூரத்துக்கு முக்கோணப் பலகை ஒன்று, அதில் இரண்டு ஆணிகள். அணையின் இரு கோபுரங்களும் ஆணிகளுக்கு நேராக வந்ததும் குண்டை விடவேண்டும். நீர்த்தேக்கம் நிரம்பியிருக்கவேண்டும், நிலாவும் வேண்டும். ஆகவே மே மாதம்.

மே 16 இரவு 19 விமானங்கள் கிளம்பின. மோனே, எடர் அணைகள் உடைந்தன. மூன்றாவது இலக்கான சோர்பே தாங்கியது; அது மண் அணை, நடுவில் கான்கிரீட் சுவர், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 8 விமானங்கள் திரும்பவில்லை. 133 பேரில் 53 பேர் இறந்தார்கள். வெள்ளத்தில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பலர் நேஹைம் ஊர் அருகே முகாமில் அடைபட்டிருந்த, கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட சோவியத் பெண்கள். வீரசாகசமாகச் சொல்லப்படும்போது இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. மோனேவை ஜெர்மானியர்கள் அந்த ஆண்டே கட்டி முடித்துவிட்டார்கள்.

துள்ளும் குண்டு மறுபடி போரில் பயன்படவில்லை. அடுத்து வாலிஸ் தண்ணீருக்குப் பதில் மண்ணைப் பயன்படுத்தினார். அவர் வடிவமைத்த டால்பாய் குண்டு 5.4 டன், கிராண்ட் ஸ்லாம் குண்டு 10 டன்; இரண்டும் நிலத்துக்குள் ஆழமாகப் புகுந்து வெடிப்பவை. 1945 மார்ச்சில் பீலஃபெல்ட் ரயில் பாலத்தை வீழ்த்தியதும் 617-தான். இன்று அந்தப் பிரிவு எஃப்-35பி போர் விமானம் ஓட்டுகிறது.