"எல்லாருமே அங்கதான் இருந்தோம், டாக்டர்"

விடுமுறை நாட்களில் ஏரிக்கரையிலிருந்து நேராக என்னிடம் வரும் குழந்தைகளைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். தலைமுடி ஈரம் காய்ந்திருக்காது. அப்பாவின் சட்டைக்குள்ளோ அம்மாவின் துப்பட்டாவுக்குள்ளோ சுருட்டப்பட்டிருப்பார்கள். ஒரு காலில் செருப்பு இருக்கும், இன்னொன்றில் இருக்காது. மூச்சு, நாடி, ஆக்சிஜன் அளவு எல்லாம் பார்த்து, பயப்பட ஏதுமில்லை என்று தெரிந்தபிறகு நான் கேட்பது ஒரே கேள்விதான்: "அந்த நேரத்துல குழந்தையை யார் பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு வரும் பதில், குடும்பம் மாறினாலும் மாறாது. "எல்லாருமே அங்கதான் இருந்தோம், டாக்டர்."

பல வருடங்களாக இந்தப் பதிலைக் கேட்டபிறகு எனக்கு ஒன்று புரிந்தது. ஏரியைச் சுற்றி நடக்கும்போது தண்ணீரில் விழுந்த குழந்தைகள் என் அனுபவத்தில் குறைவு. நடக்கும்போது பெற்றோர் விழிப்பாகத்தான் இருக்கிறார்கள். பாறை வழுக்குகிறதா, முள் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். விபத்து நடப்பது, நடை முடிந்து நிழல் பார்த்து உட்காரும்போது. பையை இறக்கிவைக்கிறோம், விரிப்பை விரிக்கிறோம், யாரோ தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறார், யாரோ படம் எடுக்கிறார். பெரியவர்களுக்குக் கால் வலிக்கிறது. குழந்தைக்கோ இவ்வளவு நேரம் "அப்புறம், அப்புறம்" என்று தள்ளிவைக்கப்பட்ட தண்ணீர் பத்தடி தூரத்தில் இருக்கிறது.

இதை நான் மேடையில் நின்று சொல்லவில்லை. என் மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது இரண்டு குடும்பங்களாகச் சேர்ந்து ஒரு மலையேரிக்குப் போனோம். ஆறு பெரியவர்கள், மூன்று குழந்தைகள். கணக்குப்படி ஒரு குழந்தைக்கு இரண்டு பேர். நான் ஷூவைக் கழற்றிச் சாக்ஸில் ஒட்டிய விதைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். மகள் அம்மாவோடு இருக்கிறாள் என்று நினைத்தேன். அவளுடைய அம்மா, என்னோடு இருக்கிறாள் என்று. நிமிர்ந்தபோது மகள் இடுப்பளவு தண்ணீரில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, இன்னும் ஓர் அடி எடுத்துவைக்கப் போனாள். ஒன்றும் ஆகவில்லை. ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன். அடுத்த அடியில் தரை இல்லை என்பது அவளைத் தூக்கியபோது என் காலுக்குத்தான் தெரிந்தது. குழந்தை மருத்துவன், அவசரப் பிரிவில் வேலை பார்த்தவன், சாக்ஸில் விதை பிய்த்துக்கொண்டிருந்தேன்!

பல பேர் அடித்தால் பாம்பு சாகாது என்பார்கள். அதேபோலத்தான், பல பேர் பார்த்துக்கொள்ளும் குழந்தையை யாருமே பார்ப்பதில்லை.

நம்மை ஏமாற்றுவது, மூழ்குதல் பற்றி நம் மனதில் பதிந்திருக்கும் காட்சி. கையை ஆட்டிக் கத்துவார்கள், தண்ணீர் தெறிக்கும், ஓடிப்போய்க் காப்பாற்றிவிடலாம் என்று நினைக்கிறோம். உண்மையில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்தக் கண நேரம் மூச்சு இழுக்கவே போதாது. கூப்பிட எங்கே நேரம்? கைகளும் தண்ணீரை அழுத்தி மேலே எழும்பத்தான் முயலும், நமக்குக் காட்ட வராது. முழுவதும் அமிழ்வதற்கு முன் இந்த நிலை நீடிப்பது 20 முதல் 60 வினாடிகள் வரைதான் என்று உயிர்காப்பாளர்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள். மிகச் சிறிய குழந்தை அந்தப் போராட்டம்கூட இல்லாமல் நேராக உள்ளே போய்விடலாம். ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் படித்துப் பதில் போடும் நேரம்.

உடலமைப்பும் சிறுவர்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது. பெரியவர்களின் தலை உடல் நீளத்தில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு வயதுக் குழந்தைக்கு அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பாரம் மேலே இருப்பதால், கரையில் குனிந்து கூழாங்கல் எடுக்கும்போது தலை முன்னால் போய் விழுகிறார்கள். விழுந்தால் கையை ஊன்றித் தலையைத் தூக்கும் வலு அந்த வயதுக்கு இல்லை. முழங்கால் ஆழமே போதும். இதில் ஏரியின் தரையும் சேர்ந்துகொள்கிறது. அணை கட்டித் தேக்கிய ஏரிகளில் கரை சட்டென்று சரியும், மண் எடுத்த ஏரிகளில் குழிகள் இருக்கும், மேலே பார்த்தால் எல்லாம் ஒரே சமமான தண்ணீர். மலையேரியானால் குளிரும் உண்டு. 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடல் தானாகவே ஒரு பெரிய மூச்சை இழுக்கும். நீச்சல் தெரிந்தவருக்கும் அப்படித்தான். அந்த மூச்சு தண்ணீருக்குள் இழுக்கப்பட்டால் நீச்சல் பயிற்சியால் பயனில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள். அதே ஆண்டில்தான் ஐ.நா. பொதுச்சபை ஜூலை 25-ஐ நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக அறிவித்தது.

சரி, என்ன செய்வது? நான் பெற்றோரிடம் சொல்வது மிகவும் சாதாரணமான ஒரு வழி. தண்ணீர் கண்ணில் பட்டதும், உட்காரும் முன்பே, ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். எங்கள் வீட்டில் சிவப்புக் கயிறில் கோத்த ஒரு விசில் இருக்கிறது. அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவர் சாப்பிட மாட்டார், போனை எடுக்க மாட்டார், பேச்சில் கலந்துகொள்ள மாட்டார். குழந்தைகளை எண்ணிக்கொண்டே இருப்பார். பதினைந்து நிமிடம் ஆனதும் "இந்தா, இப்ப நீ பாத்துக்கோ" என்று வாயால் சொல்லி அடுத்தவர் கழுத்தில் மாட்டுவார். வாயால் சொல்வது முக்கியம். கண்ணால் ஜாடை காட்டி ஒப்படைத்த குழந்தைகளைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். ஐந்து வயதுக்குக் கீழே என்றால், அல்லது நீச்சல் தெரியாது என்றால், கரையில் உட்கார்ந்து பார்ப்பதும் போதாது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். பத்து வயது அண்ணனையோ அக்காவையோ இந்த வேலைக்கு வைக்காதீர்கள். அவர்களும் குழந்தைகளே.

முதல் தடவை நான் கயிற்றை எடுத்தபோது என் மைத்துனர் சிரித்தார். சிரிக்கட்டும்.

கையில் மாட்டும் காற்றடைத்த வளையங்களும் ட்யூபும் விளையாட்டுப் பொருட்கள். அவற்றை நம்பித் தண்ணீரில் விடவேண்டாம். படகு ஏறினாலோ, வழுக்கும் கரையில் விளையாடினாலோ, குழந்தையின் எடைக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் வேண்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிது. சின்னக் குழந்தைகளுக்குத் தொடைக்கு இடையே போகும் பட்டையும் தலையைத் தாங்கும் காலரும் இருக்கட்டும். ஒரு சின்ன விஷயம்: ஏரிக்கு நீலம், வெள்ளை, சாம்பல் நிற உடை போடாதீர்கள். தண்ணீருக்குள் அவை மறைந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சும் ரோஸும் தெரியும்.

நடையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் கரையில் நாம் அசந்துபோவதற்குக் காரணமே நடையில் களைத்துப்போவதுதான். குழந்தைகள் போகும்போது ஓடுவார்கள், திரும்பும்போது தூக்கச் சொல்வார்கள். ஏரியை முழுச் சுற்று சுற்றவேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். இருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆனதும், குழந்தை உற்சாகமாக இருக்கும்போதே, திரும்பிவிடுங்கள். முதுகில் மாட்டும் இருக்கையில் குழந்தையைச் சுமப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: சுமப்பவருக்கு வியர்க்கும், அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் குளிரும். தொடைப்பட்டை இறுகினால் கால் மரத்தும் போகும். அரைமணிக்கு ஒரு தடவை இறக்கி, பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். நடந்துகொண்டே எதையும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், முக்கியமாக முழுத் திராட்சையும் கொட்டைகளும். வெயில், கொசு பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். ஆனால் தண்ணீரின் மேல் பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல ஏடு படிந்திருந்தால் அங்கே கால்கூட நனைக்க விடாதீர்கள். அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நச்சு கொதிக்கவைத்தாலும் போகாது.

குழந்தையைக் காணவில்லை என்றால் முதலில் தண்ணீரைத் தேடுங்கள். மரத்துக்குப் பின்னாலும், காருக்குள்ளும், கழிப்பறையிலும் அப்புறம் தேடலாம். அங்கெல்லாம் ஒளிந்திருக்கும் குழந்தை பத்து நிமிடம் கழித்துக் கிடைத்தாலும் திட்டு வாங்கிக்கொண்டு வரும். தண்ணீரில் இருக்கும் குழந்தைக்குப் பத்து நிமிடம் கிடையாது. இதைக் கிளம்பும் முன் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பதற்றத்தில் யாருக்கும் தோன்றாது.

யாராவது மூழ்குவதைக் கண்டால் யோசிக்காமல் குதிப்பதுதான் மனித இயல்பு. ஒருவரைக் காப்பாற்றப்போய் இரண்டு பேர் போன குடும்பங்கள் இருக்கின்றன. கம்பை நீட்டுங்கள், துண்டையோ கயிற்றையோ வீசுங்கள், மூடிய காலிப் பிளாஸ்டிக் கேனை எறியுங்கள். வெளியே எடுத்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் கூடவே கூடாது. வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். அதைவிட மோசம், மூச்சுக் கொடுக்க வேண்டிய நேரம் அதில் வீணாகும். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் இல்லை என்றால் மட்டமான இடத்தில் படுக்கவைத்து, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவதில் தொடங்குங்கள். ஐரோப்பிய வழிகாட்டுதல் முதலில் ஐந்து மூச்சு என்கிறது, அமெரிக்க வழிகாட்டுதல் இரண்டு என்கிறது. பெரியவர்களுக்கு இதயம் திடீரென்று நின்றுபோனால் சொல்வதுபோல மார்பை மட்டும் அழுத்தினால் இங்கே போதாது. குழந்தைக்குக் குறைந்திருப்பது ஆக்சிஜன். பிறகு மார்பின் நடுவில், அதன் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 அழுத்தம், இரண்டு மூச்சு. உதவி வரும்வரை இப்படியே. படித்தால் கை பழகாது. பொம்மையை வைத்து இந்த முதலுதவியை (சி.பி.ஆர்.) சொல்லித்தரும் வகுப்புக்கு ஒருநாள் போய்வாருங்கள்.

இருமிவிட்டு எழுந்து உட்கார்ந்த குழந்தையைப் பற்றித்தான் பெற்றோருக்குக் குழப்பம் அதிகம். "நாலு நாள் கழிச்சுத் திடீர்னு ஏதாவது ஆகுமாமே?" என்று, கரையேறிய குழந்தை நாள் கழித்து மூழ்கி இறக்கும் என்று பயமுறுத்தும் 'டிரை ட்ரவுனிங்' வீடியோவோடு வருகிறார்கள். அந்தச் சொல்லை மருத்துவத்தில் இப்போது நாங்கள் பயன்படுத்துவதில்லை. நாள்கணக்கில் நன்றாக விளையாடிய குழந்தை ஒரு மிடறு ஏரித்தண்ணீரால் திடீரென்று மூழ்கிப்போவதில்லை. மோசமாகும் குழந்தைக்கு முதல் சில மணி நேரத்திலேயே அறிகுறி தெரிந்துவிடும். அதனால்தான் தண்ணீருக்குள் மூச்சுத்திணறிய குழந்தையை 4 முதல் 8 மணி நேரம் வரை வைத்துக் கவனிக்கிறோம். நிற்காத இருமல், வேகமான மூச்சு, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளிழுப்பது, உதடு நீலமாவது, வழக்கமில்லாத தூக்கம், திரும்பத் திரும்ப வாந்தி: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். நினைவு தப்பியிருந்தாலோ, மூச்சுக் கொடுத்து மீட்டிருந்தாலோ, இப்போது சிரித்துக்கொண்டிருந்தாலும் வரவேண்டும்.

வரும்போது, அந்த நேரத்தில் விசில் யார் கழுத்தில் இருந்ததோ அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருந்தது, எடுத்தபோது மூச்சு இருந்ததா, நிறம் எப்படி இருந்தது, தலை பாறையில் மோதியதா என்றெல்லாம் கேட்பேன். பார்த்தவர் நேரடியாகச் சொல்லிவிடுவார். மற்றவர்கள் அரை நிமிடம் என்பார்கள், ஐந்து நிமிடம் என்பார்கள். அதை வைத்து என்னால் எதையும் முடிவு செய்ய முடியாது.