‘சிக்னல் முழுதாக இருக்கிறதே!’

கடந்த சனிக்கிழமை மாலை, திருகோணமலைக்கு அருகே நிலாவெளியில் வாகனத்தை ஓரமாக நிறுத்தி அளவீடு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வேலியோரம் வந்து கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். “அண்ணா, நீங்கள் இந்தக் கோபுரத்து ஆட்கள்தானே? நீங்களே பாருங்கள். சிக்னல் முழுதாக இருக்கிறது. ஆனால் ஒன்றுமே வேலை செய்யவில்லை.”

பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலை தேடுகிறவள். முந்தைய நாள் இரவு ஏழு மணிக்கு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுடன் காணொளி நேர்முகத் தேர்வு. மூன்றாவது கேள்வியில் அவளுடைய முகம் திரையில் உறைந்திருக்கிறது. அவள் மீண்டும் இணைவதற்குள் அவர்கள் அடுத்தவரை அழைத்துவிட்டார்கள்.

இந்த மாதத்தில் இந்த வாக்கியத்தை நான் கேட்பது நான்காவது முறை. உப்புவெளியில் விடுதி நடத்தும் ஐயா ஒருவர், கிண்ணியாவில் கட்டாரிலுள்ள மகனின் முகத்தைப் பார்க்க முடியாத ஒரு தாய், உயர்தரப் பரீட்சைக்கு ஸூமில் வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியர், இப்போது இவள். நால்வரும் ஒரே அடியைத்தான் எடுத்தார்கள்: சிக்னல் முழுதாக இருக்கிறதே!

பதினாறு ஆண்டுகளாக ரேடியோ வலையமைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், சம்பளம் வேண்டும். தொலைபேசித் திரையின் மூலையில் சிக்னலைக் காட்டும் அந்தக் கோடுகளைப் பற்றி மட்டும் இன்று பேசித் தீர்த்துவிடுகிறேன்.

அவை காட்டுவது, கோபுரத்தின் குரல் உங்கள் தொலைபேசியின் காதில் எவ்வளவு உரத்து விழுகிறது என்பதை. கோபுரத்துக்கு உங்களைக் கவனிக்க நேரம் இருக்கிறதா என்பதை அவை சொல்வதில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போயிருப்பீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனால் வாளியை எடுத்து ஆறுதலாகக் குளித்துவிட்டு வரலாம். நீண்ட விடுமுறையில் போய்ப் பாருங்கள். கிணறுகள் அதே ஏழுதான், நீரும் அதே சூடுதான், நீங்களும் கிணற்றுக் கட்டை ஒட்டித்தான் நிற்கிறீர்கள். ஆனால் சுற்றிலும் முப்பது வாளிகள். உங்கள் தொலைபேசியிலுள்ள கோடு, நீங்கள் கிணற்றுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறீர்கள் என்று சொல்கிறது. வாளிகளை அது எண்ணுவதில்லை. எண்ணிச் சொல்லும் எந்த அடையாளமும் உங்கள் திரையில் இல்லை.

ஒரு கோபுரம் பொதுவாக மூன்று திசைகளுக்கு மூன்று செக்டர்களாகப் பிரிந்து வேலை செய்யும். 4ஜியில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு கேரியர் (தகவலைச் சுமந்து செல்லும் அலைவரிசைத் துண்டு), இரண்டு அன்டெனாப் பாதைகள் என்று வைத்துக்கொண்டால், ஒரு செக்டரின் ஏட்டுக்கணக்கு உச்சவேகம் வினாடிக்கு 150 மெகாபிட். விளம்பரப் பலகைகளில் நீங்கள் பார்க்கும் பெரிய எண்கள் இந்த வம்சத்தைச் சேர்ந்தவை. அது உங்கள் ஒருவருக்கான வேகம் அல்ல. அந்தத் திசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்து. அதுவும் எல்லோரும் கோபுரத்தடியில், சுவர் மறைக்காத இடத்தில் நின்றால். நடைமுறையில் அதில் மூன்றில் ஒரு பங்கு சராசரியாக வந்தாலே அன்று எங்கள் குழுவுக்கு நான் தேநீர் வாங்கிக் கொடுப்பேன். ஆக, 50 மெகாபிட். தெளிவான காணொளி ஒன்றுக்கு ஏறத்தாழ 5 தேவை. பத்துப் பேர்! ஓகஸ்ட் மாதத்தில் நிலாவெளிக் கடற்கரையில் ஒரேயொரு விடுதியின் முற்றத்திலேயே அதைவிட அதிகமானோர் இருப்பார்கள். பதினோராவது ஆள் வந்ததும் படம் மங்கும். முப்பதாவது ஆள் வந்ததும் வட்டம் சுற்றும். கோடுகள் மட்டும் அசையாமல் நிற்கும்.

இதில் ஓட்டை வாளிக்காரர்களும் உண்டு. அவர்கள்மேல் குற்றமில்லை. கோபுரத்துக்கு அருகில் இருப்பவருக்கு ஒரு தடவையில் 6 பிட் (தகவலின் மிகச்சிறிய அலகு) ஏற்றி அனுப்பலாம். தொலைவில், கொங்கிரீட் சுவர்களுக்குள் இருப்பவருக்கு 2 பிட்தான் சேதமில்லாமல் போய்ச்சேரும். அவர் அதே படத்தைப் பார்க்க மூன்று மடங்கு நேரம் பிடிக்கிறார். அந்த நேரம் மற்ற எல்லோரிடமிருந்தும் எடுக்கப்படுகிறது. ஒரு ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பு வந்து, அதற்குப் புதுக் கோபுரம் வராவிட்டால், பழைய கோபுரத்தடியில் இருப்பவருக்கும் வேகம் குறைவது இதனால்தான்.

பொதுமக்கள் கோடுகளை நம்புவதை நான் மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாதவர்கள், மேல்மாடியில் குளிரூட்டிய அறைகளில் அமர்ந்து அதே கோடுகளை நம்புகிறவர்கள். அவர்களிடம் ஒரு வரைபடம் இருக்கிறது. அதில் திருகோணமலை நகரம், உப்புவெளி, நிலாவெளி எல்லாம் பச்சை. “கவரேஜ் இருக்கிறதே, இன்னும் எதற்குச் செலவு?” என்கிறார்கள். அந்தப் பெண்ணின் வீட்டை நோக்கி நிற்கும் செக்டருக்கு இன்னொரு கேரியர் வேண்டும் என்று நான் கோரிக்கை அனுப்பியது கடந்த ஆண்டு. பதில்: ‘அப்பகுதியில் சேவைப் பரப்பு முழுமையாக உள்ளது.’ சிக்னல் முழுதாக இருக்கிறதே என்பதைத்தான் அலுவலகத் தமிழில் எழுதியிருந்தார்கள்.

இலங்கையில் 3ஜி சேவை 2006இல் வந்தது. அன்று ஒரு மின்னஞ்சலும் இரண்டு புகைப்படங்களும் போனால் போதும் என்றிருந்தோம். 2013இல் 4ஜி வந்தபோது, இனிப் பத்து ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று நானே ஒரு கூட்டத்தில் சொன்னேன். வெட்கத்துடன்தான் இதை எழுதுகிறேன். 2020இலும் 2021இலும் பாடசாலைகள் மூடப்பட்டு, பிள்ளைகள் வகுப்புக்காக மரத்திலும் பாறையிலும் ஏறியபோது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. 2022இல் டொலர் இல்லை, டீசல் இல்லை, ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. கோபுரங்களின் பற்றரிகள் அப்போது பட்ட பாட்டை அவை இன்னும் மறக்கவில்லை. நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். தேவை நிற்கவில்லை. இன்று நகரத்து மீன் வியாபாரிகூட விலையைக் காணொளியில்தான் பேசுகிறார்.

இந்தப் பிரச்சினைக்குக் குறுக்கு வழி கிடையாது. அதை 1948இலேயே குளோட் ஷனன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் கணக்குப் போட்டு எழுதிவைத்துவிட்டார்: ஒரு பாதையில் எவ்வளவு தகவல் போகும் என்பதை அலைவரிசையின் அகலமும் இரைச்சலுக்கு மேல் குரல் எவ்வளவு எழும்புகிறது என்பதும் தீர்மானிக்கின்றன. ஆகவே அலைவரிசையைக் கூட்ட வேண்டும், அல்லது அன்டெனாக்களைக் கூட்ட வேண்டும், அல்லது கோபுரங்களை நெருக்கமாக நட வேண்டும். மூன்றுக்கும் பணம் வேண்டும், மூன்றையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் செய்ய வேண்டும். “5ஜி வந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்பவர்களுக்கு: 5ஜிக்கு அகலமான இடம் கிடைப்பது 3.5 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகளில். அவை 900 மெகாஹெர்ட்ஸ் போல் தூரம் போகா, சுவருக்குள்ளும் அவ்வளவாக நுழையா. அதாவது இன்னும் அதிகக் கோபுரங்கள்.

மேலே புதுக் கருவியைப் பூட்டிவிட்டு, கோபுரத்தை மற்ற வலையமைப்புடன் இணைக்கும் பாதையைப் பழையபடியே விட்டுவிடும் பழக்கமும் உண்டு. கந்தளாய்க் குளத்து வாய்க்காலை அகலமாக வெட்டிவிட்டு மதகைச் சிறிதாகவே வைத்திருந்தால் வயலுக்கு என்ன வரும்? ஒளியிழை போகாத இடங்களில் கோபுரத்துக்குக் கோபுரம் மைக்ரோவேவ் அலையில் தகவலை அனுப்பும் நுண்ணலைத் தட்டுகளை நம்பியிருக்கிறோம். எங்கள் ஊரில் அது தனித் தலைவலி. கொட்டியாரக் குடா போன்ற நீர்ப்பரப்புக்கு மேலாக நுண்ணலையை அனுப்பினால், நேரே வரும் அலையும் நீரில் பட்டுத் தெறித்து வரும் அலையும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். ஒரே கோபுரத்தில் மேலும் கீழுமாக இரண்டு தட்டுகள் வைப்பது இதற்காகத்தான், அழகுக்காக அல்ல. காற்று அடங்கிய வெப்பமான நாட்களில் கடலின் மேல் காற்றடுக்குகள் ஒரு குழாய்போல அமைந்து, எங்கோ தொலைவிலிருக்கும் கோபுரத்தின் அலையை இங்கே கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு. அதிகாலையில் அளவீட்டுத் திரையைப் பார்த்து நான் திட்டுவதைத் திருகோணமலைக் கோட்டை வாசலில் படுத்திருக்கும் மான்கள் கேட்டிருக்கின்றன. உப்புக்காற்று இணைப்பிகளை அரிப்பது வேறு. கொழும்பில் போடும் பராமரிப்புக் கால அட்டவணை இங்கே செல்லுபடியாகாது என்பதை எத்தனை முறை எழுதுவது?

இனி உங்களிடம்.

‘சிக்னல் பூஸ்டர்’ என்று இணையத்தில் விற்கும் பெட்டிகளை வாங்காதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியில்லாமல் அவற்றை இயக்குவது சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். மலிவான பூஸ்டர் உங்கள் வீட்டில் கோடுகளைக் கூட்டிக் காட்டும். அதேநேரம் கோபுரத்தின் காதில் இடைவிடாமல் இரைச்சலைக் கொட்டும். அந்தச் செக்டரில் இருக்கும் அத்தனை பேருடைய அழைப்பும் அடிபடும். ஒருமுறை அப்படிப்பட்ட ஒரு பெட்டியைத் தேடி இரண்டு நாள் அலைந்தோம். விடுதியொன்றின் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் இருந்தது. உரிமையாளர்தான் எங்களுக்கு அதிகமாக முறைப்பாடு அனுப்பியவர்.

கோபுரம் ஊருக்குள் வரக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு பிரதேச சபைக்குப் போகிறவர்களிடம் தயவாக ஒன்று. கோபுரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு பலமாக உங்கள் தொலைபேசி கத்தும். அது உங்கள் காதோடு ஒட்டியிருக்கும் கருவி. பயந்தால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று யோசியுங்கள். அனுமதிப் பத்திரம், கட்டமைப்பின் உறுதி, மின்பிறப்பாக்கியின் சத்தம் ஆகியவற்றைக் கேளுங்கள். அவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. அதற்கு நிறுவனம் பதில் சொல்லத்தான் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்தார் என்பதற்காக எந்தத் தொலைபேசியும் இங்கே முழுதாக வேலை செய்துவிடாது. இங்குள்ள அலைவரிசைகளை அது ஏற்கிறதா, 4ஜியிலேயே குரல் அழைப்பு எடுக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வோர் அழைப்புக்கும் அது பழைய தலைமுறைக்கு இறங்கிப் போகும். அப்படி இறங்குகிறவர்களுக்காக அலைவரிசையில் ஒரு பகுதியை நாங்கள் கட்டிவைக்க வேண்டியிருக்கிறது. பெரிய டேட்டா பொதி வாங்கினால் வேகம் கூடும் என்பதும் தவறு. பெரிய வாளி வாங்கியதற்காகக் கிணற்றடியில் உங்களுக்கு வழி விடுவார்களா?

முறைப்பாடு செய்யும்போது ‘உங்கள் நெட்வேர்க் சரியில்லை’ என்று எழுதாதீர்கள். அதை வைத்து நான் எதுவும் செய்ய முடியாது. எந்த இடம், எந்த நாள், எத்தனை மணி, வீட்டுக்குள்ளா வெளியிலா, வேகச் சோதனையில் வந்த எண் என்ன என்று எழுதுங்கள். கோபமாக எழுதினாலும் பரவாயில்லை, நேரத்தை எழுதுங்கள். நிறுவனம் பதில் தராவிட்டால் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். மேல்மாடியில் என் பேச்சுக்கு இல்லாத மதிப்பு உங்கள் முறைப்பாட்டு எண்ணுக்கு உண்டு.

அந்தப் பெண்ணின் முறைப்பாட்டை வாகனத்துக்குள் இருந்தபடியே நான் பதிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை, இரவு 7.12, வீட்டுக்குள், கோடுகள் முழுதாக. அந்தச் செக்டருக்கு இந்த ஆண்டு வந்தவற்றில் அது நாற்பத்தொன்றாவது. திங்கட்கிழமை காலை நாற்பத்தொன்றையும் ஒன்றாக இணைத்து, கடந்த ஆண்டுக் கோரிக்கையை மீண்டும் அனுப்பினேன். இம்முறை பச்சை வரைபடத்தை இணைக்கவில்லை. அவளுக்கு இன்னொரு நிறுவனத்தில் புதன்கிழமை நேர்முகத் தேர்வு இருக்கிறதாம். காலை பத்து மணிக்குக் கேட்டு வாங்கும்படி சொல்லியிருக்கிறேன்.