ஈஸ்டர், பாஸ்கா, உயிர்ப்பு: ஒரு திருநாளின் மூன்று பெயர்கள்

மலேசியாவில் எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில், ஈஸ்டருக்கு முந்திய பெரிய சனி இரவுக்காக முகப்பில் கட்டும் பதாகைக்கு வாசகம் எழுதும் வேலை இந்த முறை என்னிடம் வந்தது. "ஈஸ்டர் வாழ்த்துகள்னு போட்டா போதும், எல்லாருக்கும் புரியும்" என்றார்கள் இளையோர். பாடகர் குழு அக்கா "உயிர்ப்பு" வேண்டும் என்றார். முன்வரிசைப் பாட்டியோ, "எங்க காலத்துல பாஸ்குத் திருநாள்னுதான்யா சொல்லுவோம்" என்றார். மூன்றும் ஒரே நாளைத்தான் குறிக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் அந்த நாளை ஒவ்வொரு வாசல் வழியாகக் காட்டுகிறது.

ஈஸ்டர் ஆங்கிலச் சொல். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச்சொல் ஓஸ்டர்ன். இங்கிலாந்துத் துறவி பீட், 725இல் எழுதிய காலக்கணிப்பு நூலில், ஏப்ரலை ஒட்டிய மாதத்துக்குத் தம் முன்னோர் ஏயோஸ்ட்ரே என்ற பெண் தெய்வத்தின் பெயரை இட்டிருந்தார்கள் என்று குறிப்பிடுகிறார். அந்தத் தெய்வத்தைப் பற்றி நமக்குள்ள பழைய எழுத்துச் சான்று அது ஒன்றுதான். ஆனால் சொல்லின் வேர் தெளிவு: கிழக்கு, விடியல், ஒளிர்தல். வடமொழி 'உஷஸ்' இதற்குத் தூரத்துச் சொந்தம். பிறமதப் பெயர் என்று சிலர் இதை ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்கமாட்டேன். மகதலா மரியா கல்லறைக்குப் போனபோது இன்னும் இருட்டாகவே இருந்தது என்கிறார் யோவான். கித்தாக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டிய நம் பாட்டிமாருக்கு அந்த நேரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து, பிள்ளைக்குத் தேநீர் வைத்துவிட்டு, பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போய் நின்ற நேரம் அது. உயிர்ப்புச் செய்தியை முதலில் கேட்டவர்களும் அப்படி விடியுமுன் எழுந்த பெண்கள்தான்.

பாஸ்கா இன்னும் பழையது. எபிரேயத்தில் பெசா, அரமேயத்தில் பஸ்கா, கிரேக்கத்திலும் லத்தீனிலும் பாஸ்கா. பொருள் 'கடந்து செல்லுதல்'. எகிப்தில் ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசிய வீடுகளை ஆண்டவர் கடந்துபோன இரவை விடுதலைப் பயணம் 12ஆம் அதிகாரம் சொல்கிறது. போர்ச்சுகீசியம், பிரெஞ்சு, ஸ்பானியம் எல்லாம் இந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கின்றன. நம் கோயிலில் மலாய்ப் பூசைக்கு வருகிறவர்கள் வாயிலும் இதே சொல்தான். பாட்டியின் 'பாஸ்கு' இதன் தமிழ் உருவம். யோசேப்பு என்ற பெயர் நம் வாயில் சூசை ஆனதுபோல. எங்கள் கிரியான் வட்டாரத்துச் சூசைப்பாளையம் அந்தப் பெயரை இன்னும் சுமந்து நிற்கிறது.

பாஸ்காவைக் கிரேக்கத்தின் 'பாஸ்கெய்ன்', அதாவது பாடுபடுதல், என்ற வினையோடு சேர்த்துப் பார்த்தவர்கள் அக்காலத்திலேயே இருந்தார்கள். புனித அகுஸ்தீன் அதைத் திருத்தினார்: சொல் எபிரேயம், பொருள் கடத்தல். ஆனாலும் இரு மொழிகளும் இங்கே வியப்பாக ஒத்துப்போகின்றன என்றும் சேர்த்துச் சொன்னார். கிறிஸ்து பாடுபட்டுத்தான் தந்தையிடம் கடந்து சென்றார். 'பாடுபட்டு வளர்த்தேன்' என்று சொல்லாத தோட்டத்துத் தாய் உண்டா? பெரிய வெள்ளிக்கிழமை 'திருப்பாடுகள்' என்று வாசிக்கும்போது நம் காதில் அந்தத் தாயின் குரலும் கேட்கிறது.

இனி உயிர்ப்பு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

முன்பு நம் வீடுகளில் நம்பிக்கை அறிக்கையைச் சொல்லும்போது, "சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்" என்பார்கள். உத்தானம் வடசொல், 'எழுதல்' என்று பொருள். பொருள் தெரியாமலே, ஒரு எழுத்துப் பிசகாமல் என் பாட்டி சொல்வார். இன்று "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" என்கிறோம். உத்தானம் போய் உயிர்ப்பு வந்ததில் நமக்குக் கிடைத்தது எளிமை மட்டும் அல்ல. பழந்தமிழில் உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். நெட்டுயிர்ப்பு என்பது பெருமூச்சு. ஆக, உயிர்ப்பு என்றால் முதலில் மூச்சு. உயிர்ப்பு நாளன்று மாலை என்ன நடந்தது? சீடர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள். இயேசு நடுவில் வந்து நின்றார், "உங்களுக்கு அமைதி உரித்தாகுக" என்றார், அவர்கள்மேல் மூச்சை ஊதினார். யோவான் 20ஆம் அதிகாரம் சொல்லும் இந்த மூச்சு நம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலப் பெயரில் இது இல்லை.

'உயிர்பெறுதல்' என்று எழுதினால் பொருள் குறைந்துவிடும். இயேசு சாவிலிருந்து எழுப்பிய இலாசர் உயிர்பெற்றார், பின்பு ஒருநாள் மறுபடி இறந்தார். கிறிஸ்து இனி இறப்பதில்லை. மறுபிறவியும் இது அல்ல. அடுத்த வீட்டு அம்மா, மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எங்களை ஆண்டுதோறும் அழைப்பவர், "உங்க சாமி மறுபடி பொறந்தாரா?" என்று ஒருமுறை கேட்டார். தமிழ்ப்பள்ளியில் படித்ததை வைத்தே பதில் சொன்னேன். உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய். மெய் என்றால் உடம்பு. உடம்பை விட்டுவிட்டு உயிர் மட்டும் தப்பித்ததாக நாங்கள் சொல்வதில்லை, வேறு உடம்பில் புகுந்ததாகவும் சொல்வதில்லை. ஆணித் தழும்போடு அதே மெய், புது உயிர்ப்போடு எழுந்தது. "அப்ப காயம் ஆறலையா?" என்றார். தழும்பு இருந்தது, சீடர் தோமா பார்த்தார் என்றேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தத் தழும்புதான் எங்கள் பங்குக்கு, அதாவது இந்தக் கோயிலைச் சேர்ந்த மக்களுக்கு, வேண்டிய செய்தி. கித்தா போய்ச் செம்பனை வந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாயின. பிள்ளைகள் பினாங்குக்கும் கிள்ளானுக்கும் வேலைக்குப் போனார்கள். ஒரு காலத்தில் லாரி நிறையப் பூசைக்கு வந்த தோட்டங்களிலிருந்து இன்று இரண்டு மூன்று குடும்பங்கள்தான் வருகின்றன. இது நம் சமூகத்தின் காயம், இல்லை என்று மறைக்க வேண்டாம்.

திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 13:13 "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று வரும். பழைய மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு". எதிர்நோக்கு என்ற சொல்லில் நோக்கு இருக்கிறது, கண் இருக்கிறது. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொள்வது எதிர்நோக்கு ஆகாது. வருகிறவரைப் பார்த்துக் கண்விழித்திருப்பதுதான் எதிர்நோக்கு. அதனால்தான் பெரிய சனி இரவுக்குப் பாஸ்கா திருவிழிப்பு என்று பெயர். தாத்தா காலத்தில் அந்தச் சடங்கு சனிக்கிழமை காலையிலேயே முடிந்துவிடும். திருத்தந்தை 12ஆம் பயஸ் 1951இல் சோதனையாகத் தொடங்கி, 1956 முதல் எல்லாக் கோயில்களிலும் அதை இரவுக்கு மாற்றினார். இருட்டில்தானே சுடர் தெரியும்.

அன்று கோயில் விளக்குகளை அணைத்துவிட்டு, வாசலில் புது நெருப்பு மூட்டி, பாஸ்கா திரியை ஏற்றுவோம். அதிலிருந்து ஒருவர் கைத்திரி, அவரிடமிருந்து அடுத்தவர் கைத்திரி. விடுமுறைக்கு வந்த பிள்ளைகளும் பாட்டிமாரும் ஒரே வரிசை. திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். சில ஆண்டுகளில் பெரியவர் ஒருவர் புதிதாகத் திருமுழுக்குப் பெறுவார். அந்த நேரம் கோயிலில் எத்தனை பேர் என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பதாகையில் "உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள்" என்று பெரிதாக எழுதினேன். அடுத்த வீட்டு அம்மாவுக்கும் புரிய, கீழே சிறிதாக 'ஈஸ்டர்'. பாட்டிக்காக, பாஸ்கா திரிக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையில் 'பாஸ்கு' என்றே எழுதிவிட்டேன்.