மூளைக்கும் ஒரு குசினி உண்டு

பனங்கிழங்குக் காலத்தில் எங்கள் முற்றத்தில் இரண்டு பாய்கள் விரிந்திருக்கும். ஒன்றில் பச்சையாகவே கிழித்த கிழங்கு. காய்ந்தால் அது ஒடியல். மற்றதில் அவித்துக் கிழித்தது, அது புழுக்கொடியல். ஒடியலை இடித்தால் கூழுக்கும் பிட்டுக்கும் மா. புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டோடு அப்படியே கடிக்கலாம். இரண்டும் ஒரே பாத்தியில் கிண்டிய கிழங்குதான். ஆனால் ஒருமுறை அவித்துவிட்டால் அதைத் திரும்ப ஒடியலாக்க யாராலும் முடியாது.

போன தை மாதம் அந்தப் பாய்களுக்குப் பக்கத்தில் இருந்துதான் சித்தியின் மகன் கேட்டான். அவன் கையில், முடி கொட்டாமல் இருக்க எடுக்கும் ஃபினஸ்டரைட் குளிசைப் பெட்டி. “அண்ணை, முடிக்குக் குடிக்கிற குளிசையின்ர தாளிலை மனச்சோர்வு எண்டு ஏன் போட்டிருக்கு?”

நல்ல கேள்வி. பதிலுக்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

ஸ்டீரொயிட் ஓமோன்கள் என்றால் அதிரீனல் சுரப்பியும் சூலகமும் விதையும் செய்து இரத்தத்தில் விடுபவை, மூளை வெறும் வாடிக்கையாளர் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 1941இல் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் எலிகளுக்குப் புரொஜெஸ்தரோனை ஏற்றியபோது அவை மயங்கித் தூங்கின. கர்ப்பத்தைத் தாங்கும் ஓமோனுக்கும் தூக்கத்துக்கும் என்ன தொடர்பு? அதற்கு அப்போது விடையில்லை. 1981இல் பிரான்ஸில் எதியன்-எமில் போலியூவின் குழு இன்னொரு புதிரைக் கண்டது. அதிரீனலையும் பாலுறுப்புச் சுரப்பிகளையும் அகற்றிய பிறகும் எலிகளின் மூளையில் சில ஸ்டீரொயிட்டுகள் குறையாமல் இருந்தன. மூளை தானே சமைக்கிறது! அவற்றுக்கு நரம்பு ஸ்டீரொயிட்டுகள் என்று பெயர் வைத்தார்கள்.

சமையலுக்கு மூலப்பொருள் கொலஸ்திரோல். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் உடலின் கொலஸ்திரோலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேதான். (மிதிவெடியும் றோல்ஸும் தின்று ஏறியது அல்ல. இரத்தத்திலுள்ள கொலஸ்திரோல் மூளைக்குள் நுழைவதில்லை. மூளை தன் தேவைக்குத் தானே செய்துகொள்கிறது.) அது கலத்தின் இழைமணிக்குள் போய், அங்குள்ள நொதியத்தால் வால் வெட்டப்பட்டு பிரெக்னெனலோன் ஆகிறது. அதிலிருந்து புரொஜெஸ்தரோன். இரத்தத்தோடு வரும் புரொஜெஸ்தரோனும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

இனித்தான் எங்கள் இரண்டு பாய்க் கதை. புரொஜெஸ்தரோன் அப்படியே இருந்தால் கலத்தின் கருவுக்குள் போய் மரபணுக்களை எழுப்பும். அது மணிக்கணக்கில் நடக்கும் வேலை. ஆனால் ஐந்து-அல்ஃபா-ரிடக்டேஸ் என்ற நொதியம் அந்தக் கலத்தில் இருந்தால், ஓமோனின் ஓர் இரட்டைப் பிணைப்பில் ஐதரசனைச் சேர்த்துவிடும். இது அவித்த கிழங்கு மாதிரி, திரும்பிப் போக வழியில்லை. அடுத்த நொதியம் இன்னொரு சிறு மாற்றம் செய்ய, அலோபிரெக்னனோலோன் பிறக்கிறது. இந்தக் கடைசிப் படி மட்டும் இரு பக்கமும் போகக்கூடியது.

அலோபிரெக்னனோலோன் கருவைத் தேடிப் போவதில்லை. நரம்புக் கலத்தின் மேற்பரப்பில் காபா என்ற அமைதித் தூதுப்பொருளுக்கான வாசல்கள் உண்டு. இது அவற்றில் ஒட்டிக்கொள்ள, வாசல் வழமையைவிடக் கூடுதல் நேரம் திறந்திருந்து குளோரைட்டு அயன்களை உள்ளே விடும். கலம் கொதிப்படங்கும். செல்யேயின் எலிகள் ஏன் தூங்கின என்பது 1980களில்தான் இப்படி விளங்கியது.

ஆண்களின் ஓமோன் எனப்படும் தெஸ்தோஸ்தெரோனுக்கும் இதே கதைதான். அரோமடேஸ் நொதியம் உள்ள கலத்தில் அது ஈஸ்திரடையோல் ஆகிவிடும். பெண்களின் ஓமோன் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் பொருளை ஆண்களின் மூளையும் சமைத்துப் பயன்படுத்துகிறது. எங்கள் ஊர்ச் சண்டியர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்க ஆசை.

மூளையில் அடிபட்டால் நடப்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. சாதாரணமாக அரோமடேஸ் நரம்புக் கலங்களில் இருக்கும். அவற்றைத் தாங்கி நிற்கும் நட்சத்திர வடிவக் கலங்களில் பெரிதாக இராது. காயம் பட்டதும் காயத்தைச் சுற்றியுள்ள அந்தத் தாங்கு கலங்கள் அரோமடேஸைச் செய்யத் தொடங்குகின்றன. ஸீப்ரா பிஞ்ச் என்ற சிறு குருவியில் இதைச் சோதித்தார்கள். அரோமடேஸை மருந்தால் அடைத்தால் சேதம் பரவியது. ஈஸ்திரடையோலைத் திரும்பக் கொடுத்தால் குறைந்தது. காயத்தின்போது குளூட்டமேற்று என்ற கிளர்ச்சித் தூதுப்பொருள் கொட்டி நரம்புக் கலங்கள் அளவுக்கு மீறிக் கிளர்ந்தே சாகின்றன. இந்த ஸ்டீரொயிட்டுகள் அந்தக் கிளர்ச்சியையும் அழற்சியையும் தணிக்கின்றன, தானாகச் சாகத் துணியும் கலங்களைத் தடுத்து நிறுத்துகின்றன.

சரி, அப்படியானால் தலையில் அடிபட்டவருக்குப் புரொஜெஸ்தரோனை ஏற்றினால் போதாதா? எலிகளில் நன்றாகவே வேலை செய்தது. ஏறத்தாழ 2,000 நோயாளிகளில் நடந்த இரண்டு பெரிய பரிசோதனைகளின் முடிவு 2014இல் வந்தது: பயனில்லை. காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. தேவையான கலம் தேவையான நேரத்தில் பக்கத்திலேயே சமைப்பதும், வெளியிலிருந்து உடல் முழுக்க ஊற்றுவதும் ஒன்றல்ல என்பது என் எண்ணம்.

வெற்றி வேறு பக்கத்தில் கிடைத்தது. கர்ப்பத்தில் ஏறும் அலோபிரெக்னனோலோன் பிள்ளை பிறந்ததும் சடாரென்று விழுந்துவிடும். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு, பிரெக்ஸனலோன் என்ற பெயரில் அதே பொருளை 60 மணி நேரம் இரத்த நாளம் வழியாக ஏற்றும் மருத்துவத்துக்கு அமெரிக்கா 2019இல் அனுமதி கொடுத்தது. 2023இல் சுரனலோன் என்ற உறவுப் பொருள் 14 நாள் விழுங்கும் குளிசையாக வந்தது. பத்தியச் சரக்கரைத்துக் கொடுத்துப் பச்சை உடம்பைப் பார்க்கும் எங்கள் வீடுகளில், தாய் காரணமில்லாமல் அழுதால் மட்டும் “அது சும்மா” என்று விட்டுவிடுவார்கள். அது சும்மா இல்லை.

இப்போது தம்பியின் பெட்டிக்கு வருவோம். ஃபினஸ்டரைட் அடைப்பது அந்த ஐந்து-அல்ஃபா-ரிடக்டேஸைத்தான். தலைத்தோலில் அந்த நொதியம் தெஸ்தோஸ்தெரோனை முடி கொட்ட வைக்கும் வடிவத்துக்கு மாற்றுகிறது. மூளையில் அதே வகை நொதியம்தான் அலோபிரெக்னனோலோனுக்கு முதற்படி. அதை அடைத்தால் அந்த அமைதிப் பொருளும் குறையலாம் என்பதுதான் சந்தேகம். ஆனால் இந்த நொதியத்தில் வெவ்வேறு வகைகள் உண்டு. குளிசை கூடுதலாக அடைப்பது ஒன்றை, மூளையில் கூடுதலாக இருப்பது மற்றதை. ஆகவே பயந்து எறியவும் வேண்டாம், தாளைக் கிழித்துப் போடவும் வேண்டாம், மனம் மாறுவது போலத் தெரிந்தால் டொக்டரிடம் மறைக்காமல் சொல் என்றேன்.

அவன் பெட்டியை மூடி வைத்துவிட்டு, பாயிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தான். “இது கச்சல் அண்ணை” என்று துப்பினான். ஒடியல் பாயில் கை வைத்திருக்கிறான்.