எலக்ட்ரிக் கிட்டார் பழகுபவர்கள் தாளத்தைக் கோட்டைவிடும் இடங்கள்

என்னிடம் வகுப்புக்கு வந்த ஒரு கல்லூரித் தம்பிக்கு விரல் அருமையாக ஓடும். ஸ்கேல் எல்லாம் சுத்தம். டிரம்மரோடு உட்கார வைத்தால் மட்டும் ஒவ்வொரு அடியிலும் முந்திக்கொண்டு வருவார். வேகத்தைக் குறைத்துப் பார்த்தோம், அப்போதும் அதே கதை. “சார், வீட்டில கிளிக்கோட சரியாத்தான் வாசிக்கிறேன்” என்றார். கிளிக் என்றால் தாளம் காட்ட மெட்ரோனோம் எழுப்பும் ‘டிக் டிக்’ ஒலி. எப்படிப் பழகுகிறார் என்று விசாரித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கிட்டாரைப் போனில் செருகி, ஒரு ஆப் வழியாக, புளூடூத் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே ஆறு மாதம் பழகியிருக்கிறார்.

புளூடூத்தில் ஒலி காதுக்கு வர 150 மில்லி விநாடி, சில ஹெட்போன்களில் அதற்கு மேலும் ஆகும். 100 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில், ஒரு அடி 600 மில்லி விநாடி. அந்த அடியைத் தகதிமி என்று நாலாகப் பிரித்தால் ஓர் எழுத்துக்கு 150. ஆக, தம்பி மீட்டியது அவருக்கே ஓர் எழுத்து தள்ளித்தான் கேட்டிருக்கிறது. கிளிக்கோடு சேர வேண்டுமே என்று கை தானாகவே முன்கூட்டி மீட்டப் பழகிவிட்டது. அதை மறக்கடிக்க எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. தயவுசெய்து வயர் ஹெட்போன் வாங்குங்கள். கம்ப்யூட்டரில் வாசிப்பவர்கள் பஃபர் அளவையும் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எத்தனை ஒலி சாம்பிள்களைச் சேர்த்துக் கையாள்கிறது என்பது) பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 256 என்று வைத்தால் சுமார் 6 மில்லி விநாடி, 1024 என்றால் 23. ஒலி உள்ளே போகும்போது ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை இந்தத் தாமதம் சேரும்.

அடுத்தது டிஸ்டார்ஷன், அதாவது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட். அது மெல்லிய அடியையும் பலமான அடியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். பிசிறு காதில் விழாது. அதனால் தாளப் பயிற்சியை எப்போதும் டிஸ்டார்ஷன் இல்லாத கிளீன் டோனில்தான் செய்யச் சொல்வேன். கேட்கக் கஷ்டமாக இருக்கும், பரவாயில்லை.

சரி, பயிற்சிக்கு வருவோம். இடது கை விரல்களைத் தந்திகள் மேல் லேசாகப் படுக்க வையுங்கள், அழுத்த வேண்டாம். மெட்ரோனோம் 60. வாயால் தகதிமி சொல்லிக்கொண்டே வலது கையை த-வுக்குக் கீழே, க-வுக்கு மேலே, தி-க்குக் கீழே, மி-க்கு மேலே என்று வீசுங்கள். ‘சக் சக்’ என்று சத்தம் மட்டும் வரும். இது சீராக வந்ததும் தி-யில் மட்டும் தந்தியைத் தொடாமல் கையைக் காற்றில் இறக்குங்கள். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். சத்தம் வேண்டாத இடத்தில் கையையும் நிறுத்திவிடுகிறார்கள். நின்ற கை மறுபடி கிளம்பும்போது அவசரப்படும். தந்தியில் பட்டாலும் படாவிட்டாலும் வீச்சு நிற்கவே கூடாது. மிருதங்கம் கற்ற பிள்ளைகள் இதை ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், வாயில் சொல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால்.

சுரம் முடியும் இடத்தையும் கவனியுங்கள். எலக்ட்ரிக் கிட்டாரில் ஒலி சீக்கிரம் அடங்காது, நீண்டு ஒலிக்கும். கார்டை (சேர்த்து ஒலிக்கும் சுரங்களை) விட வேண்டிய அடியில் இடது கையைத் தளர்த்தாவிட்டால், சரியாக ஆரம்பித்த வாசிப்பும் குழைந்துபோகும்.

அப்புறம், தினமும் ஒரு நிமிடம் ரெக்கார்ட் செய்யுங்கள். போனை மேசையில் வைத்தாலே போதும். உடனே கேட்காமல் மறுநாள் காலை கேளுங்கள். தாளத்தை முந்திக்கொண்டு ஓடுவது வாசிக்கும்போது தெரியாது, அப்போது பளிச்சென்று தெரியும். நான் பார்த்தவரை கார்டு மாற்றும் இடத்திலும் ஃபில் (இடைவெளியை நிரப்பும் சிறு வாசிப்பு) முடியும் இடத்திலும்தான் அதிகம் ஓடுகிறார்கள்.

இதெல்லாம் கைவந்த பிறகு கிளிக்கைக் குறையுங்கள். 80-ல் வாசிக்க வேண்டியதை மெட்ரோனோமை 40-ல் வைத்து, விழும் கிளிக்கை 2, 4-ஆம் அடிகளாக எண்ணி வாசியுங்கள். 1-ஐயும் 3-ஐயும் நீங்களேதான் பிடித்து வைத்திருக்க வேண்டும். முதல் நாள் நாலு சுற்று தாண்டினாலே நல்ல ஆரம்பம். அந்தத் தம்பி இரண்டாவது சுற்றிலேயே விழுந்தார். இப்போது இதே முறையில் ஒரு முழுப் பாட்டையும் வாசித்துவிடுகிறார்.