காம்ப்ரிஹென்ஷன் – தமிழில் பொருளுணர்தல்

தொடக்கப்பள்ளி ஆங்கில வினாத்தாளில் ‘காம்ப்ரிஹென்ஷன்’ என்று ஒரு பகுதி வரும். ஒரு பத்தி, அதன் கீழே நாலைந்து கேள்வி. சொல் லத்தீனிலிருந்து வந்தது; மூலத்தில் ‘சேர்த்துப் பிடித்தல்’. நாமும் ‘ஒன்றும் பிடிபடவில்லை’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதே பிடிதான்.

தமிழில் ‘வாசித்துப் புரிதல்’ என்று எழுதுகிறார்கள். தப்பில்லை. ஆனால் ‘புரி’ பல வேலை பார்க்கிற சொல். கயிற்றின் இழையும் புரி. குறளின் ‘புகழ்புரிந்தார்’ புகழை விரும்பியவர். ‘பொருளுணர்தல்’ இப்படிக் குழப்பாது. பழைய சொல்லும்கூட. ‘சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்’ என்கிறது மாணிக்கவாசகரின் சிவபுராணம். சும்மா சொல்வது வேறு, பொருளுணர்ந்து சொல்வது வேறு என்பது அந்த வரியிலேயே இருக்கிறது.

வகுப்பில் கோட்டை விடுவதும் இதைத்தான். ‘நெகுலன் சுமரியில் தவிந்தான்.’ நெகுலன் எங்கே தவிந்தான்? ‘சுமரியில்’ என்று எழுதினால் முழு மதிப்பெண். அந்த வரிக்கு அர்த்தமே கிடையாது, நானாகக் கட்டியது!

1986-ல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வாய்பாடு சொன்னார்கள்: எழுத்துக்கூட்டும் திறனையும், காதால் கேட்டு விளங்கிக்கொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது பொருளுணர்தல். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். முதல் இரண்டு வகுப்புகளில் பிள்ளையின் கவனமெல்லாம் எழுத்துக்கூட்டுவதிலேயே போய்விடும். வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். சரளம் வந்த பிறகுதான் மனசு பொருளுக்கு ஒழியும். அதுவரை கதையைப் படித்துக் காட்டி, அதைப் பற்றிப் பேசிப் பேசித்தான் இரண்டாவது திறனை வளர்க்க வேண்டும்.

அப்புறம், முன்னறிவு. ‘ஏப்ரல் 15. பாம்பனில் விசைப்படகுகள் வரிசையாக நின்றன. அப்பா கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.’ இதைப் படித்ததும், 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது, ஜூன் 14 வரை வீட்டில் பணமுடைதான் என்பது வரை கடற்கரைப் பிள்ளைக்கு ஓடிவிடும். பத்தியில் ‘தடை’ என்ற சொல்லே இல்லை. ‘படகுகள் எங்கே நின்றன?’ என்று கேட்பதை விட்டு, ‘அப்பா ஏன் கடலுக்குப் போகவில்லை?’ என்று கேட்டால் இதெல்லாம் வெளியே வரும்.

அதே பிள்ளையிடம் நீலகிரித் தேயிலைக் கவாத்து (செடியின் கிளைகளை வெட்டிவிடுவது) பற்றிய பத்தியைக் கொடுத்தால் திணறும். உடனே ‘வாசிப்பு வரவில்லை’ என்று குறித்துவிடுவது அநியாயம். கவாத்து என்றால் என்ன என்று முதலில் ஒரு படத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு, பிறகு பத்தியைக் கொடுக்கலாம்.