ஏற்றிய இன்சுலினை இறக்க முடியாது

இரவு பதினொன்றரை மணி இருக்கும். இரண்டு பையன்கள் தங்கள் அறைத் தோழனை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயது 22, நல்ல கட்டுமஸ்தான உடம்பு. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கூப்பிட்டால் முனகல் மட்டும்தான். "குடிச்சிருப்பான்னு நினைச்சுப் படுக்க வெச்சிட்டோம் சார்" என்றான் ஒருவன். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 28. எழுபதுக்குக் கீழே போனாலே நாங்கள் தாழ்சர்க்கரை என்போம். ஐம்பத்து நான்குக்குக் கீழே போனால் மூளை தடுமாறத் தொடங்கிவிடும். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் சில நிமிடங்களில் கண் திறந்தான்.

அவனுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. குடும்பத்திலும் யாருக்கும் இல்லை. கொஞ்சம் தெளிந்த பிறகுதான் சொன்னான்: "ஜிம்ல ஒரு அண்ணன் சொன்னார் சார். இன்சுலின் போட்டுட்டு நல்லா சாப்பிட்டா சைஸ் சீக்கிரம் ஏறும்னு."

பத்து யூனிட் போட்டதாகச் சொன்னான். போனது 25. நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் இரண்டு செறிவுகளில் விற்கிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. சிவப்பு மூடி சிரிஞ்ச் நாற்பதுக்கு, ஆரஞ்சு மூடி நூறுக்கு. இவன் நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்துக் கோடு வரை இழுத்திருக்கிறான். இரண்டரை மடங்கு. பல வருடமாக ஊசி போட்டுக்கொள்கிற நோயாளிகளுக்கே நாங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறோம். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த அண்ணன் மட்டும்தான்.

விளையாடும்போது இன்சுலின் என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டால், இதில் உள்ள ஆபத்து தானாகப் புரியும். நம் இரத்தம் முழுவதிலும் சேர்த்து ஏறக்குறைய ஐந்து கிராம் குளுக்கோஸ்தான் ஓடுகிறது, ஒரு தேக்கரண்டி. வேகமாக ஓடுகிறவரின் தசைகளுக்கு அது சில நிமிடத்துக்குக்கூடக் காணாது. ஆனாலும் யாரும் பாதியில் மயங்கி விழுவதில்லை. தசை தன் சொந்தச் சேமிப்பான கிளைக்கோஜனை எரிக்கிறது. கல்லீரல் தன்னிடம் உள்ளதை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. கல்லீரல் அப்படித் திறந்துவிட வேண்டுமானால் இன்சுலின் இறங்க வேண்டும், சர்க்கரையை விடச் சொல்லும் ஹார்மோனான குளுக்ககான் ஏற வேண்டும். அதனால் ஓடத் தொடங்கியதுமே கணையம் இன்சுலின் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. இன்சுலின் குறைந்தால் தசைக்குள் சர்க்கரை எப்படிப் போகும் என்று கேட்கலாம். சுருங்கி விரிகிற தசை, இன்சுலின் சொல்லாமலேயே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடம்பின் இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்புதான்.

ஊசியில் போன இன்சுலினுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. சர்க்கரை விழுந்துகொண்டிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மருந்து தீரும்வரை கல்லீரலைப் பூட்டி வைத்திருக்கும். அந்தப் பையன் கண் விழித்த பிறகும் விடியும்வரை குளுக்கோஸ் ஏற்றி, அடிக்கடி சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தது இதனால்தான். கூடவே இரத்தத்தில் பொட்டாசியமும் இறங்கும், அது இதயத் துடிப்பைக் குலைக்கும்.

சரி, சைஸாவது ஏறுமா? தசை கரைவதைத் தடுப்பதுதான் இன்சுலினின் முக்கிய வேலை. புதிதாகத் தசை கட்டப் பயிற்சியும் புரதமும் வேண்டும். அதற்குத் துணை நிற்க, சாப்பிட்டவுடன் நம் கணையமே சுரக்கும் இன்சுலின் போதும். அதற்கு மேல் ஊசியில் ஏற்றினால் கொழுப்பு எரிவது நிற்கும், சாப்பிட்ட மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேரும். ஒரு கிராம் கிளைக்கோஜன் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கண்ணாடியில் தெரிகிற உப்பலில் பெரும்பங்கு அந்தத் தண்ணீர்தான். 'அண்ணன்கள்' பலர் இன்சுலினோடு ஸ்டீராய்டும் வளர்ச்சி ஹார்மோனும் சேர்த்துப் போடுகிறவர்கள். அவர்கள் உடம்பைப் பார்த்து இன்சுலினுக்குப் பெருமை சேர்ப்பது தவறான கணக்கு.

போட்டிகளுக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி சர்வதேச ஒலிம்பிக் குழு இன்சுலினைத் தடை செய்தது. இன்றும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் அது இருக்கிறது. போட்டி நாளில் மட்டுமில்லை, பயிற்சிக் காலத்திலும் தடைதான். சர்க்கரை நோய்க்காகப் போட்டே ஆக வேண்டியவர்கள் உரிய சான்றுகளோடு மருத்துவ விலக்கு வாங்கிக்கொள்ளலாம்.

அப்படிப் போட்டே ஆக வேண்டியவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

என்னிடம் வரும் ஒரு பெண்ணுக்கு 14 வயது, முதல் வகை சர்க்கரை நோய், அதாவது கணையம் இன்சுலின் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்ட வகை. 800 மீட்டர் ஓடுகிறவள். ஒரு மாலைப் பயிற்சியில் மயங்கி விழுந்துவிட்டாள். பி.டி. சார் பயந்துபோய் இனி மைதானத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "படிச்சாப் போதும் டாக்டர், ஓட்டமெல்லாம் எதுக்கு?" என்று அம்மாவும் அழுதார். அந்தப் பெண் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்று என்ன நடந்தது என்று விசாரித்தேன். மூன்றரை மணிக்குச் சிற்றுண்டிக்காக வழக்கமான அளவு ஊசியைத் தொடையில் போட்டிருக்கிறாள். நாலு மணிக்கு ஓட்டம். ஓடுகிற காலில் இரத்த ஓட்டம் கூடும், மருந்து வேகமாக உறிஞ்சப்படும். அதனால் பயிற்சி நாளில் வயிற்றில் போடச் சொன்னேன், அந்த ஊசியின் அளவையும் குறைத்தோம். எவ்வளவு குறைப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஓட்டத்துக்கு முன் சர்க்கரை 126-க்கும் 180-க்கும் இடையே இருந்தால் நிம்மதி. 90-க்குக் கீழே இருந்தால் முதலில் குளுக்கோஸ், அப்புறம்தான் ஓட்டம். 250-க்கு மேலே போய், இன்சுலின் போதாமல் கொழுப்பு எரியும்போது சேரும் கீட்டோனும் கூடியிருந்தால் அன்றைக்கு ஓய்வு.

பெற்றோர் பலர் தவறவிடுவது இரவு நேரத்தைத்தான். காலியான கிளைக்கோஜனைத் தசை ராத்திரி முழுக்க நிரப்பிக்கொண்டிருக்கும். கடினமான பயிற்சிக்குப் பிறகு 24 மணி நேரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக, அதே ஊசி அதிகமாக வேலை செய்யும். மாலையில் ஓடிய பிள்ளைக்கு அதிகாலை இரண்டு மணிக்குச் சர்க்கரை விழலாம். அந்த வீட்டில் இப்போது பயிற்சி நாளன்று இரண்டு மணிக்கு அலாரம் வைத்து அப்பா பரிசோதிக்கிறார்.

போட்டி நாளில் நேர்மாறாக நடக்கும். மாவட்டப் போட்டியன்று ஓட்டத்துக்கு முன் 240 காட்டியது. அப்பா பதறிப்போய், கூட இரண்டு யூனிட் போடட்டுமா என்று போன் செய்தார். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் கல்லீரலைத் திறந்துவிடுவதால் வரும் ஏற்றம் அது, கீட்டோனும் இல்லை, தானாக இறங்கும், போடாதீர்கள் என்றேன். ஒரு மணி நேரம் கழித்து 150.

அந்தப் பெண்ணுக்குப் பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரம் கதையைச் சொன்னேன். 1997-இல் அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டே பந்து வீசி, 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட் எடுத்த முதல் ஆள் ஆனார். அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் ஜூனியருக்கு 1999-இல் முதல் வகை கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே சிட்னியில் 50 மீட்டரில் தங்கம், 2004-இல் ஏதென்ஸிலும் அதே பிரிவில் தங்கம். டென்னிஸ் வீரர் ஸ்வெரெவுக்கு நான்கு வயதிலிருந்தே இந்த நோய். 2023 பிரெஞ்சு ஓப்பனில் களத்திலேயே ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது என்று சொல்லப்பட்டதை அவர் வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார். இதைச் சொன்னதும்தான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் கழிப்பறைக்குள் ஒளிந்து ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

பி.டி. சாரை வரவழைத்து அரை மணி நேரம் பேசினேன். நல்ல மனிதர், யாரும் அவருக்கு விளக்கியதில்லை, அவ்வளவுதான். இப்போது விசில் இருக்கிற பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் வைத்திருக்கிறார். நடுக்கம், வேர்வை, சம்பந்தமில்லாத கோபம் ஏதாவது தெரிந்தால் ஓட்டத்தை நிறுத்தி மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் கொடுப்பார், 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பரிசோதிக்கச் சொல்வார்.

நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஊசி போட்டது தெரிந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நாங்கள் போலீஸ் இல்லை. அந்த 22 வயதுப் பையனின் நண்பர்களில் ஒருவனுக்கு அலமாரியில் இருந்த பாட்டிலைப் பற்றி முன்பே தெரியும். மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில், வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தவனுக்கு மின்விசிறியைப் போட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறான்.